இடது தோள் முந்தானை

என் தம்பியை எந்த இடத்தில் புதைத்தார்கள் என்று அம்மாவுக்குத் தெரியாது. பிறந்து ஒரு வாரம்கூடத் தங்காத பிள்ளை. பிள்ளை பெற்றவள் கல்லறைக்கு வரக்கூடாது என்பது அப்போது எங்கள் எஸ்டேட் வழக்கம். அம்மாவை லைன் வீட்டிலேயே இருத்திவிட்டு ஆண்கள் மட்டும் போய் வந்தார்கள். மாதா கோயிலை ஒட்டிப் புதைத்து, மேலே ஓர் ஆரஞ்சுச் செடி வைத்து, ஆடு கடிக்காமல் இருக்க ஓட்டைக் கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்ததாக அப்பா சொன்னாராம். அவ்வளவுதான் அம்மாவுக்குக் கிடைத்த அடையாளம்.

அம்மா வெளியே நடமாடும் முன்பே வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டோம். அங்கேயே அப்பாவும் இறந்துபோனார். என்னைக் கூட்டிக்கொண்டு அம்மா ஏற்காட்டுக்குத் திரும்பியபோது செடியும் இல்லை, கூடையும் இல்லை. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் பொதுச் சிலுவையடியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் கோயில் வாசலைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் புது மண்டபம் எழும்பியது. கல் இல்லாத கல்லறைகள் மண்டபத்துக்கு அடியில் போய்விட்டன. அன்றிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தான் செத்தால் தன்னையும் அந்தப் பிள்ளையின் பக்கத்தில்தான் வைக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். என் பிள்ளைமேல் சுவரை எழுப்பிவிட்டார்களா என்று என்னைக் கேட்டால் நான் எங்கே போவேன்? எனக்கு எரிச்சல்தான் வந்தது. உள்ளுக்குள் பயமும் இருந்தது.

அந்தச் சமயம் நான் வேலை பார்த்த பள்ளி நூலகத்துக்கு ஒரு சிடி வந்தது. இங்கே தோட்டம் வைத்திருந்த ஒரு துரை அந்தக் காலத்தில் ஃபிலிமுக்குப் பதில் கண்ணாடித் தகட்டில் எடுத்த படங்கள் அவர் நாட்டு மியூசியத்தில் இருந்தனவாம். அவற்றை ஸ்கேன் செய்து, ஊர் வரலாற்றுக்கு உதவட்டும் என்று அனுப்பியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மாவைக் கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்துப் போனேன். கம்ப்யூட்டர் சார் ஒவ்வொரு படமாகத் திறந்தார். ஏரி, சந்தை, காப்பி உலர்த்தும் களம். அம்மாவுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை.

பிறகு எங்கள் கோயிலின் பழைய படம் வந்தது. கீழே மியூசியத்தார் டைப் செய்திருந்த தேதி, தம்பி இறந்த வருடத்துக் கிறிஸ்துமஸ். எஸ்டேட் சனம் முழுக்க வாசலில் வரிசையாக நின்றது. பின்னால், கோயிலுக்கு இடப்பக்கம், தரையில் ஒரு கூடை கவிழ்ந்து கிடந்தது.

"அப்ப பிள்ள மேலதான் கட்டிப்போட்டாங்களா, கண்ணு?" என்றாள் அம்மா.

அவள் கண்ணைத் துடைக்க அவள் முந்தானையையே இழுத்தேன். அது இடது தோளிலிருந்து வந்தது. சட்டென்று திரையைப் பார்த்தேன். அதில் நின்ற அத்தனை பெண்களுக்கும் முந்தானை வலது தோளில் கிடந்தது. ஒருத்தி மாற்றிப் போட்டிருக்கலாம். எஸ்டேட்டே மாற்றிப் போடுமா?

சாரிடம் காட்டினேன். அவர் திரையருகே குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். தகட்டைப் புறம் மாற்றி வைத்து ஸ்கேன் செய்திருப்பார்கள், அதனால் படம் இடம் வலமாகத் திரும்பியிருக்கிறது என்றார். மௌசை ஒரு தட்டுத் தட்டினார். முந்தானைகள் எல்லாம் இடது தோளுக்கு வந்தன. கூடை கோயிலின் வலப்பக்கம் போய் உட்கார்ந்தது. அந்தப் பக்கம் இன்றுவரை யாரும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. புல்லும் ஒரு சில்வர் ஓக் மரமும்தான்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

கோயிலுக்கு வலப்பக்கம் போய், படத்தில் கூடை இருந்த இடத்தைக் குத்துமதிப்பாகக் காட்டினேன். அம்மா புல்லில் உட்கார்ந்து, தன் பக்கத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்தாள். திருப்தியாகத்தான் இருந்தது போல. பசிக்கிறது என்றாள், ஒண்டிக்கடை முக்கில் இட்லி கிடைக்குமா என்று கேட்டாள். எழுந்து முந்தானையை உதறிவிட்டு, தரையைப் பார்த்துச் சொன்னாள்:

"இரு சாமி. அம்மா மெதுவாத்தான் வருவேன்."