துரை கடித்த கேஸ்

பல்செட்காரர் கோர்ட்டுக்குப் போன கதையைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரியுங்கள், ஆனால் அவர் எதிரில் வேண்டாம். மனுஷன் இரண்டு வருடம் அதில் வெந்து நொந்து போயிருக்கிறார்.

பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்ப, அதன்படி பொய்ப்பல் கட்டித் தருவதுதான் அவர் தொழில். வீட்டின் பின்னறையில் ஜன்னலோரமாக ஒரு மேசை. அதன் மேல் பாரிஸ் சாந்தில் வார்த்த ஈறுகள், ரோஸ் நிற மெழுகுத் தகடுகள், சின்ன ஸ்பிரிட் விளக்கு. தெருவில் யாராவது பல் தெரியச் சிரித்தால் போதும், "நம்ம வேலை!" என்று மனைவியின் முழங்கையை இடிப்பார். "மெதுவா சொல்லுங்க, அந்தாளு மானம் போகுது" என்பாள் அவள்.

பிள்ளை குட்டி இல்லை. துரை என்று ஒரு நாய்தான். துரைக்குக் காது கேட்பது குறைந்து, நடையும் தளர்ந்துவிட்டது. கோபம் மட்டும் குறையவில்லை. அதற்கு அவர் கொடுத்த செல்லம் இருக்கிறதே, அப்பப்பா! தான் உட்காரும் நாற்காலியைக்கூட அதற்கு விட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பார்.

அடுத்த வீட்டில் புத்தகம் பைண்டு பண்ணும் அக்கா. தனியாள். அவளுக்குத் துணை, பன் என்கிற குட்டை நாய். அக்கா, தம்பி என்று வருஷக்கணக்கில் பழகியவர்கள். அவள் பசை காய்ச்சினால் இவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு மதில் மேல் எட்டிப் பார்த்து, "என்னக்கா, விருந்தா?" என்பார். "வாங்க தம்பி, ஒரு கரண்டி ஊத்துறேன். வாய் ஒட்டிக்கிட்டா தெருவுக்கே நிம்மதி" என்பாள்.

இப்படி இருந்தவர்களைப் பிரித்தது ஒற்றைச் செருப்பு. அதுவும் இரண்டு வீட்டுச் செருப்பும் இல்லை, எங்கிருந்தோ வந்து கிடந்தது. ஒரு காலையில் துரையும் பன்னும் அதற்காகக் கட்டிப் புரண்டன. விலக்கப் போன அக்காவின் வலது கையில் ஒரு கடி விழுந்தது. துரையின் காது கிழிந்தது. பல்செட்காரர் ஓடி வந்தார், காதில் ரத்தத்தைப் பார்த்தார், துரையைத் தோளில் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் பறந்தார்.

மாலையில் கைக்கட்டோடு அக்கா வாசலில் நின்றாள். "உங்க நாய் என்னைக் கடிச்சிருச்சு."

"என் நாயா? அதுவே காதறுந்து கிடக்கு. உங்களைக் கடிச்சது உங்க பன்னுதான்!"

பேச்சு முற்றி, வக்கீல் வரைக்கும் போனது. துரை ஆபத்தான நாய், அதைத் தெருவிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்று அவள் மனு போட்டாள். கடித்தது பன்தான் என்று இவர் எதிர்மனு போட்டார். தோற்றால் துரையை நகராட்சிக் கொட்டடிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இந்த வயதில் அங்கே அது ஒரு வாரம் தாங்காது. அக்கா "அந்தம்மா" ஆனாள். தம்பி "எதிர்பார்ட்டி" ஆனார். வாய்தா மேல் வாய்தா. ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து எழுந்து வந்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. "பல்லு விஷயத்துல பழம் தின்னு கொட்டை போட்டவன் நான். என்கிட்டயேவா?" என்றார் மனைவியிடம். மெழுகுத் தகட்டை வெந்நீரில் இளக்கினார், வெண்ணெய் தடவினார், துரையிடம் நீட்டினார். ஒரே கவ்வு. பதிந்த தடத்தில் சாந்தை வார்த்து, காயவைத்து, பாட்டு முணுமுணுத்தபடி எடுத்துக் கேஸ் கட்டில் இருந்த காயத்தின் போட்டோ பக்கத்தில் வைத்தார்.

காயத்தில் மூன்று பல் பதிந்த இடம் ஒழுங்காக இருந்தது. நான்காவது மட்டும் உள்ளே தள்ளியிருந்தது. அச்சைத் திருப்பினார். துரையின் கோரைப்பல் ஒன்று உள்பக்கம் சாய்ந்திருந்தது. அளந்தார். திரும்ப அளந்தார். அச்சை மேசையில் வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி.

"நம்ம பயதான் கடிச்சிருக்கான்."

வக்கீல் அச்சைக் கையால்கூடத் தொடவில்லை. "இதை நீங்க செய்யவும் இல்ல, நான் பாக்கவும் இல்ல. உடைச்சுப் போட்டுட்டு வாங்க. கேஸ் நம்ம பக்கம்."

உடைக்கத்தான் வீட்டுக்கு வந்தார். சுத்தியலையும் எடுத்தார். "நாம ஜெயிச்சா பழி பன்னு மேல விழும். அதைப் பிடிச்சிட்டுப் போயிருவாங்க" என்றார்.

"அதுவும் போயிட்டா அந்தம்மா அந்த வீட்டுல யாரோட பேசும்?" என்றாள் மனைவி. அவர் சுத்தியலை வைத்துவிட்டார். அன்று முழுக்கத் துரையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார், பாவம்.

அடுத்த வாய்தாவில் எழுந்து நின்று, அச்சை மேசை மேல் வைத்தார். "ஐயா, கடிச்சது என் நாய்தான்." அவருடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நீதிபதி அக்காவைப் பார்த்தார். "அப்ப நீங்க கேட்டபடி நாயை அப்புறப்படுத்த உத்தரவு போடலாமா?"

பல்செட்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வேண்டாங்க" என்றாள் அக்கா.

"மனுவுல அதைத்தானே கேட்டிருக்கீங்க?"

"கேட்டேங்க. கடிச்சது எதுன்னு எனக்குத் தெரியாதா? கையில ரத்தம் சொட்டச் சொட்ட நிக்கிறேன், இவரு நாயைத் தூக்கிட்டு ஓடுறாரு. சாயங்காலம் போய் நின்னா, அப்பவும் நாய் காதைத்தான் பேசுறாரு. எத்தனை வருஷப் பழக்கம்! 'அக்கா, வலிக்குதா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் ஏங்க இந்தப் படியேறப் போறேன்?"

பல்செட்காரர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நேரே போய் அவள் வலது கையைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"வலிக்குதாக்கா?"

"இப்ப கேட்டு? அதெல்லாம் ஆறிப்போச்சு தம்பி." கையை அவள் இழுத்துக்கொள்ளவில்லை. "புத்தகம் தைக்கும்போது, நூலை இழுத்தா மட்டும் சுருக்குன்னும்."

"ரெண்டு வருஷமாவா?" என்று கேட்டவர், அவள் பதில் சொல்வதற்குள் அழுதுவிட்டார்.