கேள்வியில் விட்டுப்போன கஷாயம்

பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு 'எண்ணக்கா' என்று பெயர். பன்னிரண்டு வருடங்களாக நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து ஆண்களின் விந்தணுக்களை எண்ணுகிறவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? ஓர் அணுவுக்கு ஒரு தடவை கைக்குள் இருக்கும் கருவியை அழுத்துவாள், டிக் என்று சத்தம் வரும். இதெல்லாம் ஒரு வேலையா என்று மூக்கைச் சுளித்த நாத்தனாரை அவள் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. வேலை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஊரார் அணுவையெல்லாம் எண்ணியவள் வீட்டில் மூன்று வருடமாகக் குழந்தை இல்லை. கணவர் தையல்காரர். பரிசோதனைக்குக் கூப்பிட்டால் அவசரமாக ஒரு சட்டைக்குக் காஜா எடுக்கவேண்டியிருக்கும். ஒருவழியாக வந்தார். சொந்தக்காரர் மாதிரியைத் தானே எண்ணக் கூடாது என்பது அங்கே விதி. பக்கத்து மேசைத் தோழி எண்ணினாள். ஏழு டிக், அதோடு சரி. வழக்கமாக நூறைத் தாண்டும்.

"மருந்து ஏதாவது சாப்பிடுறாரா?" என்று தோழி கேட்டாள்.

"ஒண்ணும் இல்லடி."

மறுவாரம் அதேபோல அணு குறைவென்று ஒரு பெயின்டர் மனைவியோடு வந்தார். இவள் வழக்கம்போல மருந்தைப் பற்றிக் கேட்டாள். அவர் இல்லை என்றார்.

"முட்டி வலிக்கு வேர்க் கஷாயம் குடிக்கிறீங்களே?" என்றாள் மனைவி.

"அது மருந்தா? வெறும் வேருதானே."

எண்ணக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முட்டி வலிக்கென்று நாட்டு மருந்துக் கடையில் விற்கும் அதே வேரைத்தான் அன்று காலையிலும் இடித்துக் கொதிக்க வைத்துக் கணவருக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். தையல் மிஷின் மிதித்து வலிக்கிற முட்டிக்காக, கல்யாணமான மாதத்திலிருந்து, ஒரு நாள் தவறாமல்.

டாக்டரிடம் ஓடினாள். "அந்த வேர்ல வீக்கத்தைக் குறைக்கிற சத்துதான் விந்தணு வளர்ற இடத்தையும் பாதிக்குது, பாதி வளர்ச்சியிலேயே அணுக்கள் செத்துப்போகுது. நிறுத்திட்டா அநேகமா சரியாயிடும். மூணு மாசம் பார்ப்போம்," என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். "என் கையாலேயே ஊத்திக் குடுத்திருக்கேங்க," என்று அழுதாள்.

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "கசக்குது, வேணாம்னு தினமும் சொன்னேன். ஒரு நாளாவது கேட்டியா?"

அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டாள். கஷாயப் பாத்திரம் பரணுக்குப் போனது. முட்டிக்கு வெந்நீர் ஒத்தடமும், உட்கார உயரமான முக்காலியும் வந்தன. பரிசோதனைக்கூடத்துப் படிவத்தில் மருந்து என்ற கேள்விக்குக் கீழே, 'வேர், இலை, பொடி, கஷாயம்?' என்று அவளே பேனாவால் எழுதிச் சேர்த்தாள்.

மூன்று மாதம் கழித்துத் தோழி மறுபடியும் கணவரின் மாதிரியை எண்ண உட்கார்ந்தாள். இவள் கழுவிய கண்ணாடித் தகடுகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். காது மட்டும் பக்கத்து மேசையில் இருந்தது. ஐந்து, ஆறு, ஏழு. மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

எட்டு. ஒன்பது. அப்புறம் நிற்கவே இல்லை.

"கை வலிக்குதுடி, மீதிய நீ வந்து எண்ணு," என்றாள் தோழி.

"எண்ணக் கூடாதுன்னு விதி இருக்கு," என்று சொல்லிவிட்டு, குழாயை மூட மறந்து அப்படியே நின்றாள்.