காராமணி வைத்த பரீட்சை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை. மந்தைவெளி ஃப்ளாட்டில் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில், ட்யூப் லைட்டுக்கு அடியில், பதினாலு தொட்டி ஆப்பிரிக்கன் வயலட் வளர்த்தேன். மெத்தென்ற இலை, ஊதாப்பூ. சென்னை வெக்கையில் அதை வளர்க்கத் தனிப் பிடிவாதம் வேண்டும்; எனக்கு அது பிறவியிலேயே உண்டு. "மனுஷாளுக்கு இருக்கற லைட் போறாதா, செடிக்கு வேறயா?" என்று என் கணவர் தினமும் முணுமுணுப்பார்.

ஒருநாள் காலையில் மூன்று தொட்டிகளில் மட்டும் இலையெல்லாம் மஞ்சள் வளையம். பகீரென்றது. அடையாறில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் என் காலேஜ் தோழிக்குப் போன் போட்டேன்.

"வைரஸா இருக்கலாம்டி. அதுக்கு மருந்தே கிடையாது. வைரஸ்தான்னா பதினாலையும் எரிச்சுடணும்."

போனிலேயே அழுதுவிட்டேன்.

"சீ, அழாதே! ஆத்துல காராமணி இருக்கா?"

அடைக்கு வைத்திருந்த காராமணியை எடுத்து விதைத்தேன். ஒரு வாரத்தில் முதல் ஜோடி இலை விரிந்தது. அவள் சொன்னபடி, வளையம் விழுந்த வயலட் இலையை நசுக்கிச் சாறெடுத்து, காராமணி இலைமேல் கோலம் போடும் கல்மாவு தூவி, சாற்றை மெல்லத் தேய்த்தேன். கல்மாவு கீறிய இடம் வழியாகச் சாறு உள்ளே போகும். வைரஸ் இருந்தால் சில நாளில் அங்கே புள்ளி விழும். ஒப்பிட்டுப் பார்க்க நாலு செடிக்கு வெறும் தண்ணீரைத் தேய்த்தேன்.

அந்த நாட்களில் நான் நானாகவே இல்லை. உப்பில்லாத ரசம் வைத்தேன். எதற்கும் குறை சொல்லும் மனுஷன் அதை வாய் திறக்காமல் சாப்பிட்டார்.

சாறு தேய்த்த பத்தாம் நாள் தோழியே நேரில் வந்தாள். காராமணி பச்சைப் பசேலென்று நின்றது, ஒரு புள்ளி இல்லை. எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது.

"வைரஸ் இல்லடி. இலையில ஜில்லுனு தண்ணி பட்டாலும் இப்படித்தான் வளையம் விழும். ஃப்ரிஜ் தண்ணி விட்டியா?"

"எனக்கென்ன பைத்தியமா?"

ஈஸிசேரில் விரித்திருந்த பேப்பருக்குப் பின்னாலிருந்து இருமல் கேட்டது.

"மத்தியானம் நான் ஜில்லுனு குடிக்கறச்சே," என்றார் என் கணவர், பேப்பரை இறக்காமலேயே, "அதுகளுக்கும் தலையில கொஞ்சம் விட்டேன். இந்த வெக்கையில பாவமா இருந்தது."

தோழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அது சரி, பதினாலு இருக்கே. மூணுக்கு மட்டும் ஏன்னா?"

பேப்பர் மெல்ல இறங்கியது.

"அந்த மூணுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்."