கன்னத்தில் விழுந்த கரும்புள்ளி

மோக்போ துறைமுகத்தில் தீவுப் படகுகளுக்குச் சீட்டு கொடுக்கும் மான்சிக்குக்குப் புகைப்படப் பைத்தியம். குளியலறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, பிலிமை அவரே கழுவுவார். "இந்த வீட்டுல குளிக்கணும்னாலும் அவர்கிட்ட கேக்கணும்" என்று மனைவி ஓக்புன் அலுத்துக்கொள்வாள்.

ஜிந்தோ தீவில் மாமியாரின் அறுபதாம் பிறந்தநாள் விருந்து வந்தபோது, அங்கே அம்மாவோடு இருக்கும் இரண்டாவது மைத்துனர் ஸ்டூடியோ படக்காரரை அமர்த்தப் பார்த்தார். "நான் எதுக்கு இருக்கேன்?" என்று மான்சிக் தடுத்துவிட்டார். கோபுரமாய் அடுக்கிய பழங்களுக்குப் பின்னால், ஆறு பிள்ளைகள் சூழ மாமியார் உட்கார்ந்திருந்தார். வருஷம் முழுக்கக் கடலில் கிடக்கும் மூத்த மகன்கூட அன்று வந்திருந்தான்.

பிலிமைக் கழுவி அச்செடுத்தால், படமெங்கும் வட்ட வட்டமாய்க் கரும்புள்ளிகள். ஒன்று மாமியாரின் கன்னத்திலேயே.

தூசியாக இருந்தால் வெள்ளையாக அல்லவா விழும்? தண்ணீரைச் சந்தேகித்துக் காய்ச்சி, துணியில் வடிகட்டினார். மருந்துத்தூள் சரியாகக் கரையவில்லையோ என்று புதிதாக வாங்கிக் கலக்கினார். லென்ஸைத் துடைத்தார். எடுத்த பிலிமெல்லாம் புள்ளிதான். அச்சில் இருந்த புள்ளியைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தார். மாமியாரின் கன்னமே உரிந்து வந்தது.

மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாமியார் கேட்பார்: "மாப்ளே, என் படம் என்னாச்சு?"

"புள்ளி விழுந்திருக்கு அத்தே. சரி பண்ணித் தரேன்."

"இருந்துட்டுப் போகட்டுமே. இனிமே என்னைப் பொண்ணு பாக்கவா வரப் போறாங்க?"

"அப்படியே குடுத்துத் தொலைங்களேன்" என்றாள் ஓக்புன்.

"குடுத்தா உன் சின்னண்ணன் காலம் பூரா சொல்லிச் சிரிப்பாரு."

இரண்டாவது குளிர்காலத்தில் ஒருநாள், வெட்டிப்போட்ட பிலிம் துண்டு ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் போட்டு, தண்ணீர் ஊற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன்மேல் பொடிப்பொடியாய்க் காற்றுக்குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. குமிழி உட்கார்ந்த இடத்தில் மருந்து எப்படிப் படும்? மருந்து படாத இடம் அச்சில் கறுப்பாகத்தானே விழும். விரலால் குவளையைத் தட்டினார். எல்லாம் கழன்று மேலே போயின. அவ்வளவுதான் விஷயம். மருந்து ஊற்றியதும் பிலிம் இருக்கும் டப்பாவைத் தரையில் நாலு தட்டுத் தட்டியிருந்தால் போதும்.

அடுத்துக் கழுவிய பிலிம் பளிங்குபோல் வந்தது. ஆனால் ஏற்கெனவே கழுவிவிட்ட விருந்துப் படத்துக்கு இனி வழியில்லை என்பதும் அன்றுதான் உறைத்தது. எல்லாரையும் மறுபடி கூட்டி ஒரு படம் எடுத்துவிடலாம் என்று நினைத்தார்.

அந்த வாரமே மைத்துனர் தொலைபேசியில் கூப்பிட்டார். அம்மாவுக்குக் கண் நரம்பு கெட்டுவிட்டது, வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது, இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

மான்சிக் புள்ளியோடேயே படத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு படகேறினார். மாமியார் அதை மடியில் வைத்து, கண்ணாடியைக் கையால் தடவினார்.

"என் பக்கத்துல யாரு?"

"மூத்தவரு, அத்தே. அந்தப் பக்கம் ஓக்புன்."

"அவன் சிரிக்கிறானா?"

"நல்லாவே சிரிக்கிறாரு."

"நான்?"

மான்சிக் கன்னத்துப் புள்ளியைப் பார்த்தார். "நீங்களும்தான்" என்றார்.

"அன்னிக்கே குடுத்திருந்தா பாத்திருப்பேனே, மாப்ளே."

அந்தக் குரலில் கோபமே இல்லை. மைத்துனர் படத்தை வாங்கி, வாசலுக்கு எதிர்ச்சுவரில் ஆணியடித்து மாட்டினார். புள்ளியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிரித்திருந்தாலாவது தேவலை என்று மான்சிக்குக்குத் தோன்றியது.