முகவரி காட்டாமல் வந்தவர்கள்

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன கிளினிக். அதன் லேபில் ஃபிர்தௌஸ் பதினாலு வருஷமாக ரத்தம் எடுக்கிறாள். நரம்பு தெரியாத குழந்தைகள், ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிற பெரிய ஆண்கள், எல்லாரும் அவளைத்தான் கேட்பார்கள். ராயபுரத்தில் பிறந்தவள். கணவன் ஜாபர் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறான். ஒரே மகள் மெஹ்னாஸ், நாலாம் வகுப்பு.

லேபுக்கு எதிர் அறையில்தான் மூச்சுத் திணறலுக்கு மருந்துப் புகை வைப்பார்கள். சில நாட்களில் ஒரே தெருவிலிருந்து ஏழு பேர், எட்டு பேர் சேர்ந்தாற்போல் வந்து உட்கார்ந்திருப்பார்கள். கண் சிவந்து, இருமிக்கொண்டு. எந்தத் தெரு, எந்த நாள் என்று ஃபிர்தௌஸ் ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தாள். நோட்டு நிரம்பியபோது அதைக் கல்லூரித் தோழன் பாரியிடம் காட்டினாள். வியாசர்பாடிக்காரன், வெப்சைட் செய்து கொடுத்துப் பிழைப்பவன். ஒரு வாரத்தில் அவன் ஒரு தளம் செய்து கொடுத்தான். பெயர் ‘இன்னிக்கு காத்து’. யார் வேண்டுமானாலும் எழுதலாம்: எந்தத் தெரு, என்ன நெடி, கண் எரிகிறதா, தொண்டை கரகரக்கிறதா. முதலில் போன் நம்பர் கேட்டார்கள். ஒருவரும் எழுதவில்லை. நம்பர் கேட்பதை எடுத்த மறுநாளே முப்பது பேர் எழுதினார்கள்.

அப்படி எழுதியவர்களில் ஒருவர் தனக்கு ‘வாடை’ என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தார். ஆணா பெண்ணா தெரியாது. எண்ணூர்ப் பக்கம் அமோனியா சேமிக்கிற ஒரு தொழிற்சாலைக்கு உள்ளேயிருந்து எழுதுபவர் என்பது மட்டும் புரிந்தது. “நாளை மதியம் தொட்டிக் குழாயில் வேலை. கொஞ்சம் நெடி வரும். ஜன்னலைச் சாத்தி வையுங்கள்” என்று ரெண்டே வரி இருக்கும். அது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

போன வருஷம் ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபிர்தௌஸ் போனில் தளத்தைத் திறந்தாள். புதிதாக ஒரு செய்தி. தெருப் பெயர் இல்லை, நெடியும் இல்லை.

“பச்சைத் துப்பட்டா உனக்கு நன்றாக இருக்கிறது.”

அவள் குனிந்து பார்த்துக்கொண்டாள். பச்சைத் துப்பட்டாதான். கிளினிக் வாசலில் ஒரு டீக்கடை, ஒரு மருந்துக்கடை, நிற்கிற நாலைந்து ஆட்டோ. எல்லாரும் தினமும் பார்க்கிற முகங்கள். அன்று ஒவ்வொரு முகமும் வேறு மாதிரி தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து இன்னொன்று வந்தது. “மெஹ்னாஸ். நாலாம் வகுப்பு பி பிரிவு. மூணே முக்காலுக்குக் கேட்டைத் தாண்டுகிறாள். தனியாக.”

ஃபிர்தௌஸ் கிளினிக் செருப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். மணி இரண்டுதான் ஆகியிருந்தது. வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். மகள் வெளியே வந்ததும் கையை இறுக்கிப் பிடித்த பிடியில் குழந்தை “வலிக்குதும்மா” என்று அழுதது.

ஜாபர் அன்று யார்டிலிருந்து பாதி ஷிப்டில் வந்துவிட்டான்.

“இன்னாத்துக்கு நமக்கு இந்த பேஜாரு?” என்றான். “ஊர்ல இருக்கறவன் எல்லாம் மூச்சு வுட்டுகினுதான் கீறான். நீ ஒருத்திதான் கணக்கு எடுக்கணுமா? இழுத்து மூடு ஃபிர்தௌஸு.”

“மூடிட்டா அவன் நிறுத்திடுவானா? நம்ம வூடு அவனுக்குத் தெரிஞ்சு போச்சுங்க.”

ஜாபர் எழுந்து போய், பட்டப்பகலில் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டான்.

போலீஸில் புகார் கொடுத்தார்கள். ரசீது கிடைத்தது. எழுதியவன் வெளிநாட்டு இணைய முகவரி ஒன்றின் வழியாக வந்திருக்கிறான், தேட நாளாகும் என்றார்கள். பாரியும் அதையேதான் சொன்னான். தான் இருக்கிற இடம் தெரியாமல், வேறொரு தேசத்துக் கம்ப்யூட்டரைக் குறுக்கே வைத்துக்கொண்டு வருகிற வழி. ப்ராக்ஸி என்பார்கள், வி.பி.என். என்பார்கள். பாரி அதை முகமூடி என்றான்.

“முகமூடி போட்டுகினு வர்ற யாரையும் உள்ள வுடாத மாதிரி பண்ணிடலாம். ஒரே ஒரு செட்டிங்தான்.”

“வாடையும் அப்படித்தானே வருது?”

“ஆமா. அதுக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. மூடினா எல்லாருக்கும் சேத்துதான் மூடும்.” பாரி கொஞ்சம் யோசித்தான். “இன்னொரு வழி கீது. எதுவும் நேரா வெளிய வராது. ஒவ்வொண்ணையும் நீ படிச்சிட்டு, சரின்னா வுடலாம். ஆனா அவன் எழுதறத எல்லாம் நீ படிச்சே ஆவணும்.”

ஃபிர்தௌஸ் அந்த வாரம் முழுக்க போன் அதிர்ந்தாலே கையிலிருந்து நழுவவிட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னால முடியாது பாரி. மூடிடு.”

அவன் மூடினான்.

பத்து நாள் ஒன்றும் வரவில்லை. வாடையிடமிருந்தும் வரவில்லை. ஃபிர்தௌஸ் அதைக் கவனித்தாள், ஆனால் நினைக்கவில்லை. நினைக்காமலிருக்க முயன்றாள் என்பதுதான் சரி. மகளைக் காலையில் ஜாபர் கொண்டுபோய் விட்டான், மாலையில் அவள் கூட்டிவந்தாள். மறுபடி சாப்பாடு இறங்கியது.

பதினோராம் நாள் மாலை, வீட்டுக்குப் போக ஸ்கூட்டியை எடுக்கப் போனாள். பிரேக் கம்பியில் ஒரு காகிதம் சுருட்டிச் செருகியிருந்தது. நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். நீல மையில், நிதானமான கையெழுத்து. “வாசலைச் சாத்திவிட்டால் போதுமா?”

அவள் கிளினிக் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் ஏதோ தேசத்தில் இல்லை. இந்தச் சந்துக்குள் நடந்து வந்து, வண்டியைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறான். தளத்தை மூடியதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

நான்கு நாள் கழித்து, சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, வாடையிடமிருந்து செய்தி வந்தது. இந்த முறை ரெண்டு வரி இல்லை.

“குளிர்விக்கும் மெஷின் காலையிலேயே நின்றுவிட்டது. தொட்டியில் அழுத்தம் ஏறுகிறது. நான் பதிவுப் புத்தகத்தில் எழுதியதை சூப்பர்வைசர் கிழித்துவிட்டார். சாயந்திரத்துக்குள் வாயு வெளியே வரும். நெட்டுக்குப்பத்து ஜனங்கள் கடலோரம் போகட்டும். கடல்காத்து வாயுவை ஊர்ப் பக்கம் தள்ளிவிடும், கடலோரம்தான் பத்திரம். ஈரத்துணி வேண்டும். தயவு செய்து யாராவது சொல்லுங்கள்.”

ஃபிர்தௌஸ் இரண்டு தரம் படித்தாள். பொய்யாக இருந்தால்? இவளை மாட்டிவிட அந்தக் கையெழுத்துக்காரனே எழுதியிருந்தால்? ஒரு ஊரையே வீணாகக் கிளப்பிவிட்டவள் என்ற பெயர் வரும். உண்மையாக இருந்து, சும்மா இருந்துவிட்டால்? அவசர உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். விவரம் கேட்டுக்கொண்டார்கள், பார்க்கிறோம் என்றார்கள். பிறகு கெங்கம்மாவைக் கூப்பிட்டாள். தொழிற்சாலைக்குப் பக்கத்து நெட்டுக்குப்பத்தில் மீன் விற்கிறவள். சர்க்கரைக்கு மாதாமாதம் ஃபிர்தௌஸிடம்தான் ரத்தம் கொடுப்பாள்.

“யக்கா, சும்மா கேளு. எல்லாரையும் கூட்டிகினு கடலாண்ட போ. வாயு வரப் போவுது.”

“இன்னா பொண்ணே சொல்ற? இங்க ஒரு வாடையும் இல்லியே.”

“வந்தப்புறம் போவ முடியாதுக்கா. புள்ளைங்கள முதல்ல தூக்கு.”

அந்தப் பக்கம் கெங்கம்மா போனை அணைக்காமலே கத்த ஆரம்பித்தது கேட்டது. மீன் ஏலத்தில் பழகிய தொண்டை.

நாலரை மணிக்கு வாயு வந்தது. வெள்ளையாகத் தரையோடு தவழ்ந்து, காலியான தெருக்களில் புகுந்து போனதாகப் பிறகு சொன்னார்கள். கோழிகள் செத்தன, ஒரு மாடு செத்தது. போக மாட்டேன் என்று வீட்டிலேயே படுத்திருந்த மூன்று பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். மூவரும் பிழைத்தார்கள். மற்ற எல்லாரும் அலையோரம் ஈரத்துணியை முகத்தில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

திங்கட்கிழமை, மடிப்புக் கலையாத சட்டை போட்ட இரண்டு பேர் கிளினிக்குக்கு வந்தார்கள். தொழிற்சாலையிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள்.

“மேடம், அந்தச் செய்தி எங்க வைஃபையிலிருந்துதான் போயிருக்கு. அன்னைக்கு உங்க தளத்தைப் பார்த்தவங்க எங்க ஆளுங்களே நாப்பது பேர். எழுதினது யாருன்னு மட்டும் தெரியலை. எந்த நிமிஷம், என்ன மாடல் போன்னு உங்க பதிவுல இருக்கும். அதைக் கொடுத்தா போதும்.”

“எதுக்கு?”

“பாராட்டணும்” என்றார் ஒருவர். மற்றவர் சிரிக்கவில்லை. மேஜைமேல் கிடந்த ஃபிர்தௌஸின் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் திரையில் மெஹ்னாஸின் படம்.

“எங்ககிட்ட அப்படி ஒண்ணும் இல்லை” என்றாள்.

“யோசிச்சுச் சொல்லுங்க. நாங்க மறுபடி வருவோம்.”

அவர்கள் போனதும் பாரிக்குப் போன் செய்தாள். அவன் பதிவைத் திறந்து பார்த்தான்.

“இன்னா பாரி?”

“கீது. நேரம், போன் மாடல், கம்பெனி முகவரி, எல்லாம். இந்த வாட்டி முகமூடி போடாம வந்திருக்காங்க.” அவன் குரல் தணிந்தது. “அதுக்கு மேல கீறத பாரு ஃபிர்தௌஸு. ஒண்ணேகாலுலருந்து மூணு தபா மறைச்சிகினு வந்து தட்டியிருக்காங்க. நாமதான் தொரத்திட்டோம்.”

இத்தனை நாள் அவள் பயந்தது தனக்காக, மகளுக்காக. இப்போது முகம் தெரியாத ஒருவரின் பிழைப்பு, ஒருவேளை உயிரே, தன் மேஜைமேல் திறந்து கிடப்பதைப் போலிருந்தது. அதை அப்படிக் கிடத்தியவளும் அவள்தான்.

“அழிச்சிடு” என்றாள். “அன்னிக்கு உள்ளது மொத்தமும். இனிமே யாரோட முகவரியும் நம்மகிட்ட தங்கக் கூடாது. முகமூடிக்குப் போட்ட அந்தப் பூட்டையும் எடுத்துடு.”

“அந்த பொறுக்கி திரும்ப வருவான்.”

“வரட்டும். அவன் இங்க நடந்தே வர்றான். நான் படிக்கறேன். எல்லாத்தையும் நானே படிச்சிட்டு வுடறேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, போனை வைத்ததும் எழுந்து போய் லேப் கதவைச் சாத்தினாள்.

அதே வாரம் வியாழக்கிழமை ஒரு பெண் ரத்தப் பரிசோதனைக்கு வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். சீட்டில் ஜோதிகா, கொருக்குப்பேட்டை என்று எழுதியிருந்தது. ஃபிர்தௌஸ் அவள் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். நரம்பு துள்ளிக்கொண்டிருந்தது.

“பயப்படாதம்மா. எறும்பு கடிச்ச மாதிரிதான்.”

“ஊசிக்கு இல்லக்கா.” அந்தப் பெண் கதவைப் பார்த்தாள். பிறகு மிக மெதுவாகச் சொன்னாள். “நான்தான் வாடை.”

ஊசி ஃபிர்தௌஸின் விரல்களுக்கிடையில் நின்றது.

“தொட்டியாண்ட மீட்டர் பாத்து எழுதற வேலக்கா. கான்ட்ராக்ட்டு. உள்ள டவரு கிடைக்காது, கம்பெனி வைஃபைதான். அன்னிக்கு மூணு தபா பாத்தேன், உங்க சைட்டு உள்ள வுடல. நேரமில்ல. வி.பி.என். ஆஃப் பண்ணிட்டு எழுதிட்டேன். இப்ப ஒவ்வொருத்தரையா கூப்ட்டு போன வாங்கி பாக்கறாங்க.” அவள் மறுபடி கதவைப் பார்த்தாள். “என் பேரு உங்ககிட்ட கீதாக்கா?”

“இல்லடா. ஒண்ணுமே இல்ல. அழிச்சிட்டோம்.”

“அவங்க வந்து கேட்டா?”

“வந்தாங்க. கேட்டாங்க. இல்லன்னுட்டேன்.”

ஜோதிகா கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. ஃபிர்தௌஸ் ஊசியைக் கீழே வைத்தாள். பதினாலு வருஷத்தில் முதல்முறையாக அவளால் ரத்தம் எடுக்க முடியவில்லை. “உன்னை வெளிய நிக்க வெச்சது நான்தான். எனக்கு பயமா இருந்துச்சு” என்றாள்.

“எனக்கும்தான்க்கா” என்றாள் ஜோதிகா.

அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரசாங்கம் தொழிற்சாலையை இரண்டு மாதம் நிறுத்தி வைத்தது. திறந்தபோது, எழுதியது யாரென்று கண்டுபிடிக்க முடியாததால் அந்தப் பிரிவின் கான்ட்ராக்ட் ஆட்கள் பதினொரு பேரையும் மொத்தமாக அனுப்பிவிட்டார்கள். ஜோதிகா இப்போது பெரம்பூரில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்கு நிற்கிறாள். மற்ற பத்துப் பேருக்காக அவள் இன்னும் வருத்தப்படுகிறாள்.

தொழிற்சாலை ஆட்கள் திரும்ப வரவில்லை. நீல மைக்காரன் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. பூட்டை எடுத்த மூன்றாம் நாளே அவன் எழுதினான். இப்போதும் எழுதுகிறான், சில வாரம் ஒன்று, சில வாரம் நாலு. எதுவும் தளத்தில் வருவதில்லை. ஃபிர்தௌஸ் ஒவ்வொன்றையும் படித்து, நகல் எடுத்து, காவல் நிலையத்துக்கு அனுப்புகிறாள். ஜாபர் நிரந்தரமாக இரண்டாம் ஷிப்டுக்கு மாறிக்கொண்டான், மகளைக் காலையில் அவனே கொண்டுவிட வேண்டும் என்பதற்காக. மாலையில் கூட்டிவருவது அவள். தளத்தை மூடச் சொல்லி அவன் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

காலை எட்டரைக்கு, முதல் நோயாளி வருமுன், அவள் கிளினிக்கின் பின்னாலிருக்கும் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அன்றைய செய்திகளைப் படிக்கிறாள். படிக்கும்போது தன் முகம் போகிற போக்கை வேறு யாரும் பார்க்கக்கூடாது என்பதற்காக. இன்று ஒன்பது செய்திகள். ஆறாவது நீல மைக்காரனுடையது, அதைக் கடைசி எழுத்துவரை படித்து நகல் எடுத்தாள். பிறகு ஏழாவதைத் திறந்தாள்.