இது என் கைங்க

எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானல் ஹோட்டல் ஒன்றில் நான் பகலில் ரூம் பாய், சீசன் சாயங்காலங்களில் டிரம்மர். என் மச்சான் கிடார். வெளிநாட்டு ரெக்கார்டு கேட்டுப் பழகிய ஃபங்க் தாளம்தான் எங்கள் சரக்கு. இடுப்பைச் சும்மா இருக்க விடாது. ஆனால் குளிரில் மச்சானுக்கு விரல் விறைத்துவிடும். பாட்டு நடுவிலேயே கிடாரைக் கழற்றி வைத்துவிட்டு, சமையல்கட்டு அடுப்பில் கையைச் சூடு காட்டப் போய்விடுவான். அவன் வரும்வரை நான் தனியாக வெளுத்துக் கட்டுவேன். ஆட வந்தவர்கள் அந்த இடத்துக்காகவே காத்திருப்பார்கள். மச்சானுக்கு அதில் இன்றுவரை பொறாமை.

ஒரு டூரிஸ்ட் அதை டேப்பில் பிடித்துக்கொண்டு போனார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சில வருஷம் கழித்து, பக்கத்து மலைக்கிராமம் கூக்காலுக்குப் போகிற ஜீப்பில் ஒரு டான்ஸ் கேசட் ஓடியது. என் டிரம்ஸ்! அந்தத் தனித் துண்டை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஒட்டி, மேலே யாரோ பாடியிருந்தார்கள். நடுவில் "வெரசா வாய்யா மச்சான்!" என்று நான் கத்தியதுகூட அப்படியே கிடந்தது. அட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். 'இசை' என்று வேறொருவர் பெயர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளே, அட்டையில் விலாசம் போட்டிருந்த மதுரை ரெக்கார்டிங் கடையில் போய் நின்றேன். முதலாளி துளியும் அசரவில்லை.

"நீங்கதான்னு எப்படிங்க நம்புறது? உள்ள டிரம்ஸ் கெடக்கு, வாசிச்சுக் காட்டுங்க. ஒங்களதுதான்னா அடுத்த அட்டையில பேரப் போட்டுருவோம்."

விடுவேனா? கோபத்தையெல்லாம் குச்சியில் இறக்கினேன். "இது என் கைங்க! என் கைங்க!" என்று கத்திக்கொண்டே அடித்தேன். அவர் டீ வாங்கிக் கொடுத்து, "ஒங்க கைதாங்க, சந்தேகமே இல்ல" என்றார். பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார். மலை ஏறும் பஸ்ஸில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த சீசனில் கூக்காலில் ஒரு கல்யாணம். ஸ்பீக்கரில் புதுக் கேசட். "இது என் கைங்க! என் கைங்க!" என்று என் குரல் அலற, பந்தலே கையைத் தூக்கி ஆடியது. ஓடிப்போய் அட்டையைப் பார்த்தேன். அதே பழைய பெயர்தான். வயிறு எரிந்தது, சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவனைப் பிடித்து நிறுத்தி, "ஏலே, இது என் கைடா!" என்றேன்.

"எல்லாரும் அதத்தாண்ணே சொல்றோம்" என்று என் கையையும் பிடித்துத் தூக்கிவிட்டு ஆடினான்.