டிக்கியில் கிடந்த வில்

ரொறன்ரோவில் இருக்கும் என் மனைவியின் தம்பி மான் வேட்டைக்குப் போகிறவன். அதை அவன் வாயால் சொல்லிப் பீற்றிக்கொண்டதில்லை, படமாக அனுப்புவான். ஒவ்வொரு ஒக்டோபரும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், செத்த மானின் கொம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி, மாப்பிள்ளைத் தோழனுக்குரிய சிரிப்போடு நிற்பான். கீழே சொந்தக்காரர் நாற்பது பேர் கைதட்டுவார்கள். அதே குழுவில் பத்து வருடமாகப் பகிடி போட்டுவரும் எனக்கு ஒருவரும் அப்படிக் கைதட்டியது கிடையாது.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. லண்டன் செவன் கிங்ஸில் வீடு, மினிகாப் என்னும் வாடகைக் கார் ஓட்டுவது தொழில். மச்சான் மானைக் கொல்வது துப்பாக்கியால் அல்ல, குரொஸ்போவால். துப்பாக்கிக் கட்டையின் நுனியில் வில்லைக் குறுக்கே பொருத்தினால் எப்படி இருக்குமோ, அதுதான் அது. நாணை இழுத்துக் கொக்கியில் கொளுவி, அம்பை வைத்து, விசையை அழுத்த வேண்டும். அவன் செய்வதை நானும் செய்யலாம் என்று ஒருநாள் குழுவில் எழுதிவிட்டேன். சிரித்த முகங்கள் வந்தன. அந்த முகங்களுக்காகவே ஒன்றை இணையத்தில் வாங்கினேன். கொண்டுவந்து தந்தவர் பதினெட்டு வயதுக்கு அத்தாட்சி கேட்க வாயெடுத்தார்; என் தலையைப் பார்த்ததும் விட்டுவிட்டார்.

இந்த நாட்டில் அதனால் மானைச் சுடலாமா என்று நான் யாரையும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு உலகம் ஒரே வீடு. ரொறன்ரோ ஒரு அறை, பாரிஸ் ஒரு அறை, லண்டன் ஒரு அறை. பாரிஸ் சித்தப்பா சொன்ன மருந்தை நோர்வே மருமகன் குடிப்பான். சிட்னி அக்கா சொன்னபடி இங்கே ஒருத்தி வரிப் பத்திரம் நிரப்புவாள். பக்கத்து அறையில் மச்சான் செய்வது என் அறையில் குற்றமாகும் என்று யார் நினைப்பார்?

பாடம் எல்லாம் வீடியோ அழைப்பில்தான். கொளுவும்போது நாணை நடுவில் பிடித்து நேராக இழுக்க வேண்டும். அம்பு இல்லாமல் விசையை அழுத்தவே கூடாது, வில் உடைந்து முகத்துக்கு வரும். ஒருமுறை கொளுவிவிட்டால் திரும்பக் கழற்ற ஏலாது. ஒரு அம்பை எங்கேயாவது மண்ணில் சுட்டுத்தான் நாணைத் தளர்த்த வேண்டும்.

"அத்தான், பெருவிரலைக் கீழ வையுங்கோ," என்றான். "நாணுக்கு மேல வந்தால், அது பிறகு உங்கட விரல் இல்லை."

வீட்டுப் பின்வளவில் ஒரு நுரைக்கட்டியை இலக்காக வைத்துப் பழகினேன். முதல் அம்பு கட்டிக்கு மேலால் போய், மனைவி ஒன்பது வருடமாகப் பிள்ளை மாதிரி வளர்த்த கறிவேப்பிலைக் கன்றை அடியோடு அறுத்தது. குளிர் வந்தால் உள்ளே தூக்கி வைத்து, வெயில் வந்தால் வெளியே தூக்கி வைத்து வளர்த்த கன்று. அவள் வந்து பார்த்தாள். இலைகளை உருவிப் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தாள். மூன்று கிழமை, கறியில் ஒவ்வொரு இலையும் என் பக்கத்துக்கே வந்து விழுந்தது.

அந்த நேரம் என் மினிகாப் லைசென்ஸ் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். பொலிஸ் பதிவில் சின்னக் கீறல் இருந்தாலும் அது திரும்பி வராது. வராவிட்டால் எங்கள் வீட்டில் உழைக்க வேறு ஆள் இல்லை. மனைவி அதை நாளுக்கு இரண்டு தரம் ஞாபகப்படுத்துவாள். நானும் அந்த மாதம் மஞ்சள் விளக்குக்கே நின்று ஓட்டினேன்.

லண்டனுக்கு வெளியே எப்பிங் தாண்டி நிலம் வைத்திருக்கும் கிழவர் ஒருவரை ஒருமுறை விமான நிலையத்துக்கு ஏற்றிப் போயிருந்தேன். மான்கள் கோதுமைப் பயிரைத் தின்கின்றன, யாராவது வந்து எல்லாவற்றையும் சுட்டுத் தொலைத்தால் புண்ணியம் என்று வழி முழுக்கப் புலம்பினார். இங்கத்தைய மனிதர் பேச்சுக்குச் சொல்வதை அழைப்பிதழாக எடுப்பது எங்கள் பழக்கம். ஒரு ஞாயிறு விடிந்ததும், குரொஸ்போவை டிக்கியில் போட்டுக்கொண்டு, கையில் ஒரு பெட்டி பலகாரத்தோடு அவர் வாசலில் போய் நின்றேன்.

பலகாரத்தை வாங்கிக்கொண்டார். டிக்கியைத் திறந்து காட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது. வில்லாலும் அம்பாலும் மானைச் சுடுவது இங்கே குற்றம் என்றார். அந்த வில்லோடு றோட்டில் திரிவதைப் பொலிஸ் கண்டாலும் கேள்வி வரும். உடனே வீட்டுக்குப் போ, வழியில் எங்கேயும் நிறுத்தாதே என்றார். லட்டை மென்றுகொண்டே சொன்னார்.

திரும்பி வரும்போது எனக்குக் கண்ணில் தெரிந்தது றோட்டு அல்ல, லைசென்ஸ். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன், பொலிஸ் இல்லை. மறுபடி பார்த்தேன். மூன்றாம் தரம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கும்போது முன்னால் மான் வந்தது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஒரு அரிசி மூட்டை விழுந்த மாதிரி. இறங்கிப் பார்த்தேன். முதுகில் வெள்ளைப் புள்ளி போட்ட பெண் மான். பின்னங்கால் இரண்டும் செத்துப்போயிருந்தன; முன்னங்கால்கள் மட்டும் எழும்பப் பார்த்தன. எழும்பும், விழும், எழும்பும். கதை என்றால் அது என்னைப் பார்த்திருக்கும். அது என்னைப் பார்க்கவேயில்லை. இந்தக் கால்களுக்கு என்ன நடந்தது என்று தன் பின்பக்கத்தைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

நான் செய்த முதல் காரியம் காரின் முன்விளக்கு உடைந்திருக்கிறதா என்று பார்த்தது. இரண்டாவது, மச்சானுக்கு அழைத்தது. ரொறன்ரோவில் சாமம். நித்திரைக் குரலில் கேட்டான், உயிரோடு இருக்கிறதா என்று. ஓம் என்றேன்.

"அப்ப சுடுங்கோ. முன்னங்காலுக்குப் பின்னால. அது பாவம்."

"இஞ்ச அது குற்றமாம்."

"அப்ப பொலிசைக் கூப்பிடுங்கோ."

"டிக்கியில சாமான் கிடக்கு மச்சான். லைசென்ஸ் போயிடும்."

இதையே இரண்டு பேரும் திருப்பித் திருப்பிக் கதைத்தோம். போனில் அவனுக்கும் அந்தக் கால்களின் சத்தம் கேட்டிருக்கும்.

"அத்தான், ரெண்டில ஒண்டு செய்யத்தான் வேணும்," என்றான்.

இரண்டிலும் பாதிப் பாதி செய்தேன். குரொஸ்போவை எடுத்து, பெருவிரலைக் கீழே வைத்து, நாணை நேராக இழுத்துக் கொளுவினேன். வாழ்க்கையில் முதல் தடவை ஒரு பிழையும் இல்லாமல். அம்பை வைத்தேன். மூன்று அடி தூரம். கறிவேப்பிலையைத் தப்பவிடாதவன் இதைத் தப்பவிட முடியாது. அப்போது ஒரு எண்ணம் வந்தது: உடம்பில் அம்புக் காயத்தைப் பொலிஸ் கண்டால்? அந்த எண்ணத்தோடு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கடைசியில் வில்லைத் திருப்பினேன்.

கொளுவின நாணைச் சும்மா கழற்ற ஏலாதே. ஆகவே அந்த அம்பைப் பக்கத்துக் கால்வாய்ச் சேற்றில் சுட்டேன். தொப்பென்று போனது. மான் அந்தச் சத்தத்துக்கு ஒருமுறை துள்ளி, மறுபடி விழுந்தது.

பிறகு வில்லைத் தூக்கிக்கொண்டு ஓடி, முட்பற்றைக்குள் தள்ளி, மேலே இலை குழை போட்டு, நான்கு பக்கமும் பார்த்து, ஒரு பக்கம் தெரிகிறது என்று இன்னும் கொஞ்சம் குழை போட்டேன். பிணத்தைப் புதைக்கிறவன்கூட இவ்வளவு கவனமாக இருக்க மாட்டான். அதன் பிறகுதான் பொலிசுக்கு அழைத்தேன். அவர்கள் வர இன்னும் இருபது நிமிடம் எடுத்தது. அந்த நேரம் முழுக்க நான் மானுக்கு முதுகைக் காட்டி நின்று, உடைந்த விளக்கைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இன்சூரன்சுக்கு.

வந்தவர் இளம் பொலிஸ்காரர். பின்னாலேயே ஒரு ஜீப்பில் றைபிளோடு ஒரு மனிதர், அடிபட்ட மான்களைச் சுட்டு முடிக்கப் பொலிஸ் கூப்பிடுகிறவர். எவ்வளவு நேரமாக இப்படிக் கிடக்கிறது என்று பொலிஸ்காரர் கேட்டார். உங்களை அழைக்கச் சற்று முன்தான் அடிபட்டது, உடனே அழைத்துவிட்டேன் என்றேன். றைபிள்காரர் குனிந்து மானின் வாயோரத்து நுரையைப் பார்த்தார். புல்லில் கால்கள் பறித்த குழியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு வெடி.

தெறித்து விழுந்த வெற்றுக் குண்டுக்கோதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டபடி, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்: இப்படிக் குற்றுயிராகக் கிடக்கும் மானை யாரும் கொல்லலாம், இரக்கத்துக்குக் கொன்றால் சட்டம் கேட்காது, கையில் எது இருக்கிறதோ அதை வைத்து. பொலிஸ்காரரும் ஆமோதித்தார். ஆனால் உங்களைப் போன்றவரிடம் கையில் என்ன இருக்கப்போகிறது என்று என் தோளில் தட்டி, விட்டுவிட்டு ஓடாமல் பக்கத்தில் நின்றீர்களே, அதுவே பெரிய விஷயம் என்றார். நான் நன்றி சொன்னேன். அதற்கும் ஒருமுறை தட்டினார்.

லைசென்ஸ் வந்துவிட்டது. இந்தக் கதையை ஈஸ்ற்ஹாமில் ஒரு பிறந்தநாள் விழாவில் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். கிழவர் லட்டுத் தின்ற இடத்தில் சிரிப்பு, குழை போட்டு மூடிய இடத்தில் இன்னும் பெரிய சிரிப்பு. ஒருவருக்குப் புரைக்கேறியது. பத்து வருடமாக நான் காத்திருந்த கைதட்டல் அன்றுதான் கிடைத்தது. சேற்றில் சுட்ட அம்பைக் கதையிலிருந்து எடுத்துவிட்டிருந்தேன். அது பகிடிக்குத் தோதுப்படவில்லை.

பக்கத்தில் இருந்த மனைவி மட்டும் சிரிக்காமல் கேட்டாள், மான் எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தது என்று.

"அது ஒரு அஞ்சு நிமிசம் இருக்கும்," என்றேன்.

அவள் என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு கரண்டி ஆட்டிறைச்சிக் கறி போட்டாள்.

"தம்பியோட கதைச்சதே பதினொரு நிமிசமாம்," என்றாள். "சாப்பிடுங்கோ."